பம்ப்ஹவுஸ்2 ஆடிய ஆட்டங்கள்

தோற்பது எனக்குப் புதிதல்ல. சம்பளப் பேச்சில் தோற்றிருக்கிறேன், மச்சானிடம் வாய்ச்சண்டையில் தோற்றிருக்கிறேன், வீட்டில் தினமும் தோற்கிறேன். ஆனால் முகம் தெரியாத ஒருத்தனிடம், பத்தே நகர்த்தலில், ராஜாவை நின்ற இடத்திலேயே பறிகொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை முழிப்பது வேறு சமாச்சாரம். அதிலும் அந்தச் செஸ் ஆப் ஒவ்வொரு முறையும் 'உங்களுக்குச் சமமான எதிராளியைத் தேடுகிறோம்' என்று சொல்லிவிட்டுத்தான் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும். சமமாம்! குண்டூசி பிடித்தவன் முன்னால் கடப்பாரையோடு ஒருத்தனை நிறுத்திவிட்டுச் சமம் என்றால் யாருக்குத்தான் எரியாது?

நான் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் ஆபரேட்டர். மதியம் இரண்டு மணிக்கு என் ஷிப்ட் ஆரம்பம். மூன்று மோட்டார், எட்டு வால்வு, ஒரு குளோரின் அறை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நான். மணிக்கு ஒரு தடவை பிரஷரையும் குளோரின் அளவையும் பார்த்து, ஆபீஸ் கொடுத்த, பெரிய போன் மாதிரி இருக்கும் டேபில் ஏற்ற வேண்டும். எந்த வால்வைத் திறந்தோம், எதை மூடினோம் என்பது கையெழுத்து மாதிரி மனசில் நிற்க வேண்டிய வேலை இது. நான் ஒரு வால்வை மறந்தால் பாதி ஊருக்குக் குழாயில் காற்றுதான் வரும். குளோரினை மறந்தால் என்ன வரும் என்று சொல்லவே வாய் கூசுகிறது.

செஸ்ஸுக்கு நான் வந்தது பொழுதுபோக்குக்கு இல்லை. பயத்தில் வந்தேன்.

என் அப்பா பஸ் டிரைவர். இருபத்தெட்டு வருஷம் ஒரே ரூட். ஐம்பத்து நாலாவது வயதில் ஒருநாள் காலை பத்தரை மணிக்கு, பஸ் நிறைய ஆட்களோடு, ரூட்டிலேயே இல்லாத ஒரு தெருவில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். முன்னால் வந்து நின்று போர்டைப் பார்த்துவிட்டு, "இந்த பஸ் எங்கங்க போகுது?" என்று பயணிகளைக் கேட்டார். சிலர் சிரித்தார்களாம். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் இருந்தார். கடைசி மூன்று வருஷம் என்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டார்.

எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு.

போன வருஷத்திலிருந்து எனக்கும் சில்லறை மறதிகள். கடைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பது. பெண்டாட்டியைத் தங்கை பெயரால் கூப்பிடுவது. "கல்யாணம் ஆன புதுசுலயே நீங்க அப்படித்தான், இப்ப என்ன புதுசா?" என்று அவள் அடுப்பைப் பார்த்தபடி சொல்வாள். டாக்டரிடம் போகலாம் என்றும் அவளேதான் சொன்னாள். நான் போகவில்லை. போய் உட்கார்ந்தால் அந்த மனுஷர் அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார். பேர் வைத்த பிறகு அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவள் தம்பி ஒருத்தன், எல்லாம் தெரிந்தவன், ஒரு வழி சொன்னான். "செஸ் ஆடிப் பாருங்க மாமா. மூளை ஓடுதா இல்லையான்னு அதுல பளிச்சுனு தெரிஞ்சிடும்."

அவன் போகிற போக்கில் சொன்னான், நான் பிடித்துக்கொண்டேன். மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டினேன். மூன்று மாதம். என்னை மாதிரியே புதிதாய் வந்த ஒருத்தனை, சமமான ஒருத்தனை, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் எனக்கு ஒன்றும் இல்லை. ஜெயிக்காவிட்டால், மோட்டார் முன்னால் நின்று 'இது எதுக்குங்க ஓடுது?' என்று நான் கேட்கிற நாள் வருவதற்கு முன்னால், இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுவது.

எங்கள் நிலையத்தில் சொந்த போனைக் கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். இருப்பது அந்த டேப் ஒன்றுதான். அதில் விளையாட்டு கிளையாட்டு என்று எதையாவது பார்த்தால் மெமோ கொடுப்பேன் என்று இன்ஜினியர் சார் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார். நான் திருட்டுத்தனமாய் ஆப்பை இறக்கினேன். பெயர் கேட்டது. சொந்தப் பெயரைக் கொடுக்கப் பயந்து 'பம்ப்ஹவுஸ்2' என்று போட்டேன். எங்கள் நிலையத்தின் பெயரே அதுதான். ஆட்டம் எவ்வளவு தெரியும் என்று கேட்டது. 'புதியவர்' என்பதைத் தொட்டேன். நானூறு என்று ஒரு நம்பர் கொடுத்தது. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும், அந்த நம்பருக்குப் பக்கத்தில் இருக்கிறவனோடுதான் ஆட்டம். கேட்க நியாயமாய்த்தான் இருந்தது.

முதல் நாள் ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. நம்பர் 352. சரி, ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறோம், இறங்க இறங்க நம் ஜாதி ஆட்கள் வருவார்கள் என்று சட்டைப்பை நோட்டில் நம்பரைக் குறித்துக்கொண்டு போனேன்.

மறுநாள் மதியம் வந்து திறந்தால் 571.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். நோட்டில் 352. டேபில் 571. கம்பெனிக்காரன் ஏதோ சலுகை கொடுத்திருப்பான் என்று நினைத்து ஆடினேன். வந்தவன் என்னைத் துவைத்துக் காயப்போட்டான். அவனுக்கு அடுத்தவன் அதற்கு மேல். அன்று போகும்போது 480. மறுநாள் 690. ஒரு வாரம் இப்படியே நடந்தது. நான் கஷ்டப்பட்டுத் தோற்று இறங்குவேன், அது ராத்திரியோடு ராத்திரியாய் ஏறி நிற்கும்.

இரண்டாவது வாரம் விரல் தவறி வேறு எங்கோ பட்டு, பழைய ஆட்டங்களின் பட்டியல் திறந்தது. தேதி, ஜெயமா தோல்வியா, எத்தனை நகர்த்தல். முந்தின நாளுக்கு மட்டும் பதினொரு ஆட்டம் இருந்தது. நான் ஆடியது நாலு. மீதி ஏழும் ஜெயம்! ஒன்றைத் திறந்து பார்த்தேன். ராணியைத் தூக்கித் தானம் கொடுத்துவிட்டு, இரண்டு குதிரைகளை வைத்து அந்த எதிராளியை மூலையில் மடக்கியிருந்தது. அந்த ஆட்டத்தை நான் ஆடியிருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். எனக்கு அதில் ஒரு நகர்த்தல்கூட நினைவில்லை.

அந்த ஆட்டத்தின் அடிவரைக்கும் தள்ளிப் பார்த்தேன்.

கீழே எதிராளி ஒருவர் எழுதியிருந்தார்: 'புதியவர் என்று சொல்லிக்கொண்டு எங்களை மாதிரி கற்றுக்கொள்ள வந்தவர்களை அடித்து என்ன சந்தோஷம்? ஒரு நியாயமான ஆட்டத்துக்காக ஒரு மாதமாய்க் காத்திருக்கிறேன்.' என்னிடம் சொல்கிறார், என்னிடம்! நான் எழுத வேண்டிய வார்த்தைகளை அவர் எழுதியிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தவன், நாலு மணி ரீடிங்கை நாலேகாலுக்குத்தான் எடுத்தேன்.

ராத்திரி ஷிப்ட்காரர் டேபைத் தொடமாட்டார். தொட்டால் உடைந்துவிடும் என்று பயம். ரீடிங்கையெல்லாம் பேப்பரில் எழுதி வைத்துவிடுவார். காலை ஷிப்ட்காரிதான் அதை ஏற்றுவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பேர் ரேடியோ. அணைக்கிற பட்டன் இல்லாத ரேடியோ. கடைக்காரனை மடக்கியது, பக்கத்து வீட்டுக்காரியை வாயடைத்தது என்று எதில் ஜெயித்தாலும் மூன்று தடவை கேட்காமல் நம்மால் தப்ப முடியாது. "தலைக்கு மேல வேலைண்ணே, தண்ணி குடிக்கக்கூட நேரமில்ல" என்பது அவளுடைய நிலைய கீதம். அவள் செஸ் ஆடுவாள் என்று சொன்னால் மோட்டார்கூடச் சிரிக்கும்.

வீட்டில் சொன்னேன். பெண்டாட்டி கையிலிருந்த துணியை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டாள். "வேற யாராவது தொடுறாங்களோ என்னவோ. அந்தப் பொண்ணைக் கேட்டுப் பாருங்களேன்."

"கேட்டா ஊருக்கே ஒலிபரப்பிடுவா. மெமோ வரும்."

"வந்தா வரட்டும். உயிரா போகுது?"

நான் மெமோவுக்குப் பயப்படவில்லை. அவள் 'நான் இல்லண்ணே' என்று சொல்லிவிட்டால் அப்புறம் சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அதற்குத்தான் பயந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கோ பேய் பட்டியல் போட்டு, தேதி வாரியாய் நின்றது. நான்தான் ஆடுகிறேன், நான்தான் ஜெயிக்கிறேன், ஜெயித்ததையெல்லாம் மறந்துவிட்டுத் தோற்றதை மட்டும் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறேன் என்று முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும்.

மூன்றாவது மாதம் முடிகிற வாரம், இன்ஜினியருக்குக் கடிதம் எழுதினேன். உடல்நிலை காரணமாக ஆபரேட்டர் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும் என்று நாலு வரி. அதை எழுத நாலு நாள் ஆனது. திங்கட்கிழமை கொடுத்துவிடலாம் என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைக்குக் கேட்டைத் தாண்டும்போதே உள்ளே சத்தம். ரேடியோ டேபைக் கையில் வைத்துக்கொண்டு, மோட்டார் இரைச்சலையும் மீறிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வாங்கண்ணே! இந்த டேபை யாருண்ணே தொடுறது? எனக்கு இன்னைக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும்!"

நீட்டினாள். செஸ் ஆப்பிலிருந்து அறிவிப்பு. 'பம்ப்ஹவுஸ்2 என்ற கணக்கு வேண்டுமென்றே தோற்று, ரேட்டிங்கைக் குறைத்துக்கொண்டு, பிறகு புதியவர்களை ஜெயித்துவருவதாகப் புகார். ஏழு நாள் ஆடத் தடை. விளக்கம் இருந்தால் எழுதலாம்.'

"நீ... நீ இதுல ஆடுறியா?" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"மெதுவாண்ணே, சார் காதுக்குப் போயிடப் போகுது" என்று கத்தினாள். "ஆபீஸ்லயே போட்டுக் குடுத்திருக்காங்கன்னுல்ல நினைச்சேன்! பம்ப்ஹவுஸ் ரெண்டுன்னு பேரே போட்டிருக்கு. நான் பள்ளிக்கூடத்துல மெடல் வாங்கினவண்ணே. ஆயிரத்தைத் தாண்டிடலாம்னு பார்த்தா, தினமும் காலைல வந்து திறந்தா நானூறு, நானூத்தம்பது. எவனோ ஒரு தத்தி ராத்திரியில உக்காந்து என் நம்பரைக் கரைச்சுக்கிட்டு இருக்கான். அவனால பச்சப் புள்ளைங்களோட ஆடி எனக்குத் திட்டு வேற!"

"அந்தத் தத்தி நான்தாம்மா."

வாழ்க்கையில் முதல் தடவையாக ரேடியோ நின்றது. அப்புறம் நான் சிரிக்க ஆரம்பித்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, மறுபடி சிரித்தேன். அவள் ஏற்றியதை நான் இறக்கியிருக்கிறேன். அவளுக்கு வந்திருக்க வேண்டிய பயில்வான்கள் எனக்கு வந்திருக்கிறார்கள், எனக்கு வந்திருக்க வேண்டிய பாவப்பட்டவர்கள் அவளிடம் அடி வாங்கியிருக்கிறார்கள். நடுவில் அந்த ஆப்பும் பாவம், எங்கள் இரண்டு பேரையும் ஒரு ஆள் என்று நினைத்துச் சமமான ஆளைத் தேடித் தேடி அலைந்திருக்கிறது.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அப்பாவை, பந்தயத்தை, பட்டியலை. கடிதத்தை எடுத்துக் காட்டினேன்.

"லூசாண்ணே நீங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? மூணு மாசமா இதை மனசுல வெச்சுக்கிட்டா சோறு எறங்கும்? அந்தக் காகிதத்தைக் கிழிங்க மொதல்ல."

கிழித்தேன். நாலாய், எட்டாய், பதினாறாய்க் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். மூன்று மாதமாய் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கி நடந்து போவதை என்னால் பார்க்க முடிந்தது. அந்த நிமிஷம் மாதிரி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட எனக்கு இல்லை. பெண்டாட்டி இதைப் படிக்கப் போவதில்லை என்பதால் சொல்கிறேன்.

"சரி, விளக்கம் எழுதுவோம்" என்றாள் ரேடியோ. வேலையில் இறங்கிவிட்டால் அவள் கெட்டிக்காரி. "ரெண்டு பேர் ஒரே கணக்குல தெரியாம ஆடிட்டோம், காலைல ஆடுனது ஒருத்தர், மத்தியானம் ஆடுனது இன்னொருத்தர்னு பிரிச்சுக் குடுத்துட்டா தடையை எடுத்துடுவாங்க. உங்களுக்கும் தனியா ஒரு கணக்கு போட்டுடலாம். இந்தாங்க, இந்தத் தேதியைத் தொட்டா எத்தனை மணிக்கு ஆடுனதுன்னு வரும் பாருங்க."

எனக்கு அது தெரியாது. தொட்டுப் பார்க்கத் தெரிந்திருந்தால் மூன்று மாதத் தூக்கம் மிச்சம். நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அவள் தொட்டுக்கொண்டே வந்தாள், நான் பேப்பரில் இரண்டு கோடு போட்டுப் பிரித்து எழுதினேன்.

"காலை ஏழு இருபது, ஜெயம். என்னோடது."

"மத்தியானம் மூணு அஞ்சு, ஒம்பது நகர்த்தல்ல தோல்வி. கேக்கணுமா? நான்தான்" என்றேன்.

"ஐயோ அண்ணே, ராணியை ஏன் இப்படி நடுரோட்டுல விட்டீங்க?"

"காத்தாட நிக்கட்டும்னு விட்டேன்."

சிரித்துக்கொண்டே போனோம். போன மாதத்து ஆட்டங்கள் வந்தன. அதில் மூன்று நாள் அவள் ஆட்டமே இல்லை. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்ததால் திங்கள், செவ்வாய், புதன் லீவு. ஏற்றிவிட ஆளில்லாமல் நம்பர் இறங்கிக்கொண்டே போயிருந்தது. நானூறு, முந்நூறு, இருநூற்றுப் பதினாலு. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, கடைசியில் என் உண்மையான இடத்துக்கு வந்து நின்றிருந்தது.

"புதன், தோல்வி. புதன், தோல்வி" என்று அவள் படித்தாள். "புதன், ஜெயம். நாப்பத்தோரு நகர்த்தல்."

"உன்னோடது" என்று எழுதப் போனேன்.

அவள் தொட்டாள். மணி வந்தது. உடனே அவள் உள்ளங்கை அந்த இடத்தின் மேல் வந்து உட்கார்ந்தது.

"ஆமாண்ணே" என்றாள். "என்னோடதுதான்."

மூன்று தடவை சொல்கிறவள், ஒரு தடவை சொன்னாள். அதையும் மேஜையைப் பார்த்துச் சொன்னாள்.

"கையை எடும்மா."

"என்னோடதுதாண்ணே. அடுத்ததுக்குப் போலாம்."

"புதன்கிழமை நீ லீவு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காத. கையை எடு."

எடுத்தாள். மாலை 4:10. எதிராளியின் நம்பர் இருநூற்றுப் பத்து.

அந்தப் புதன்கிழமை எனக்கு நினைவிருக்கிறது. மூன்று மணிக்குச் சில்லறையாய் மழை. இரண்டு ஆட்டம் தோற்றேன். ஆறு மணிக்கு மூன்றாவது மோட்டாரில் பெல்ட் சத்தம் கேட்டு, ஸ்பானரோடு போனேன். நடுவில், நாலு மணி ரீடிங்குக்கும் ஐந்து மணி ரீடிங்குக்கும் இடையில், என்ன செய்தேன் என்று தேடினேன். கையை விட்டுத் துழாவினேன். அங்கே ஒன்றுமே இல்லை. மங்கலாய்க்கூட ஒன்றும் இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு எதிராளி எழுதியிருந்தார்: 'நன்றி. வந்ததிலிருந்து இன்றைக்குத்தான் எனக்குச் சமமான ஒருவர் கிடைத்தார்.'

அதற்குக் கீழே பம்ப்ஹவுஸ்2 பதில் எழுதியிருந்தது. 'எனக்கும்தான். இது என் முதல் ஜெயம். இனிமேல் பயமில்லை. இன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும்.'

நான் வீட்டில் சொல்லவில்லை.

ரேடியோ என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாருக்கும் மறக்கும்ணே. நான் நேத்து என்ன சமைச்சேன்னு கேளுங்க, தெரியாது" என்று என்னென்னவோ சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன். இவ்வளவு அன்பாய்ப் பேசுகிற பெண்ணை மூன்று மாதமாய் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறேனே என்று தோன்றியது. மணி இரண்டே முக்கால் ஆகியிருந்தது.

"மூணு மணி ரீடிங்கை நீ எடுத்துடும்மா" என்றேன். "குளோரின் ரூம் சாவியும் உன்கிட்டயே இருக்கட்டும். சாருக்குப் போன் போட்டு வரச் சொல்லு, நானே பேசிக்கிறேன். அப்படியே கேட்ல சொல்லி என் வீட்டுக்கும் ஒரு போன். டாக்டர்கிட்ட நாளைக்கு நேரம் வாங்கி வைக்கச் சொல்லு. எதுக்குன்னு அவளுக்குத் தெரியும்."

அவள் எழுந்திருக்கவில்லை. நான் டேபை என் பக்கம் இழுத்து, அந்த ஆட்டத்தை முதல் நகர்த்தலிலிருந்து ஓடவிட்டேன். அவசரப்படாத ஆட்டம். குதிரையை வெளியே கொண்டுவந்து, ராஜாவைப் பத்திரமாய் ஒரு ஓரத்தில் ஒதுக்கி, ராணியைத் தேவையில்லாமல் எங்கேயும் அனுப்பாமல், ஒரு சிப்பாயைப் பொறுத்துப் பொறுத்து நகர்த்திக் கடைசிக் கட்டம் வரைக்கும் கொண்டுபோயிருந்தான் அந்த ஆள். எதிராளி அதைத் தடுக்க எங்கெங்கோ ஓடியும் அவன் அந்தச் சிப்பாயை விடவில்லை. யார் ஆடியதோ என்று பார்க்கிற மாதிரி நாற்பத்தோரு நகர்த்தலையும் பார்த்தேன். கடைசியில் செக்மேட் என்று வந்தது.

"நல்லா ஆடியிருக்கேன்ல?" என்று ரேடியோவைக் கேட்டேன்.

"நல்லா ஆடியிருக்கீங்கண்ணே" என்றாள்.